ஒரு வெட்டு கூட இல்லாத தோல்

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி மீன் தொட்டிப் பக்கமிருந்து கூப்பிட்டாள். நாங்கள் அதில் வளர்க்கும் குட்டித் தவளைகளில் ஒன்று வெளுத்துப்போய் மூலையில் கிடந்தது.

“தோல் உரியுதுங்க. இன்ஃபெக்‌ஷன் மாதிரி இருக்குது, பொழைக்காது,” என்றாள். அவள் நர்ஸ்.

தனியாக எடுத்து விடலாமென்று வலையோடு போனேன். அதற்குள் தவளை பின்னங்காலை உதறி, பனியன் கழற்றுவதுபோல் மொத்தத் தோலையும் தலை வழியாகக் கழற்றியது. உள்ளே புதுத் தோல் மினுங்கியது.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோலுக்குத் தரம் போடுவதுதான் என் வேலை. ஏதாவது ஒரு மூலையில் கத்தி வெட்டு இல்லாமல் உரித்த தோலை நான் பார்த்ததே இல்லை. வலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

“இதுக்கு இன்னா கிரேடு போடுவீங்க?” என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் தவளை தோலை விழுங்கிவிட்டது. வாசலில் கம்பெனி பஸ்ஸும் போய்விட்டது.

லேட்டானதற்கு மேனேஜரிடம் நடந்ததையே சொன்னேன்.

“சாம்பிள் கொண்டா, நம்பறேன்,” என்றார்.

உங்களில் யாராவது இதைப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். அவரிடம் காட்ட வேண்டும்.