மொட்டை மாடியில் எட்டு முச்சாச்சாக்கள்

உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் முழுப்பெயர் உங்களுக்குத் தெரியுமா?

கிராசியேலா அம்மாவுக்குத் தெரியாது. மெக்சிகோ நகரத்து அடுக்குமாடி வீட்டில் இருபது வருஷமாக அவருக்குச் சமைத்துப் போட்டவர் தெல்ஃபினா. வந்த புதிதில் பெயர் கேட்டிருப்பார், மறந்துபோயிற்று. முச்சாச்சா என்று கூப்பிட்டாலே காபி வந்துவிடுகிறதே, பெயர் எதற்கு?

முச்சாச்சா என்றால் ஸ்பானிய மொழியில் சின்னப் பெண். முடியை ஒட்ட வெட்டிய பிள்ளைகளைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். பிறகு இளசுகள் எல்லோருக்கும் பொதுவானது. வசதியான வீடுகளில் அதற்கு வேலைக்காரி என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. தெல்ஃபினாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சொல்லுக்குத்தான் வயதே ஏறவில்லை.

அந்தக் கட்டடத்து வேலைக்காரிகள் எட்டுப் பேருக்கும் அறை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிகளின் பக்கத்தில். எட்டுப் பேருக்கும் ஒரே பெயர்.

பூமி குலுங்கிய மதியம் தெல்ஃபினா அறைக்குள் இருந்தார். சுவர் இறங்கிக் கதவு இறுகிக்கொண்டது. தெருவில் ஆட்களைக் கணக்கெடுக்கும் சத்தம் ஜன்னல் வழியே மேலே வந்தது.

"எங்க முச்சாச்சா இறங்கிட்டாளா?" கிராசியேலாவின் குரல்.

"முச்சாச்சாவா? இப்பத்தான் இறங்கி வந்தா, நானே பாத்தேன்," என்றார் இரண்டாம் மாடிக்காரர். அவர் பார்த்தது அவர் வீட்டுப் பெண்ணை.

"அப்பாடா."

"எந்த முச்சாச்சாடா, புண்ணியவானே?" தெல்ஃபினா கத்தினார். காரைத் தூசியில் அது வெறும் இருமலாகத்தான் வந்தது. கதவை உதைத்தார். கீழே இருந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

தெருமுனையில் ஆரஞ்சுச் சாறு பிழியும் ஃபிதெல் மட்டும் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தெல்ஃபினாவக் காணமே."

"யாருப்பா தெல்ஃபினா?" என்றார் கிராசியேலா.

"நல்லாக் கேட்டீங்க போங்க. தினம் காலையில உங்களுக்குச் சாறு வாங்கிட்டு வர்றவங்கம்மா. தெல்ஃபினா சாந்தியாகோ."

வந்து சேர்ந்த மீட்புக்காரர்கள், யாரும் சத்தம் போடாதீர்கள் என்பதற்கு அடையாளமாக முஷ்டியை உயர்த்தினார்கள். தெரு அப்படியே வாயை மூடியது. ஒருவர் மேலே பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டார். தெல்ஃபினா செருப்பைக் கழற்றித் தகரக் கதவில் அடித்தார். இந்த முறை கேட்டது.

கதவை உடைத்து அவரை இறக்கி வந்ததும் கிராசியேலா கட்டிக்கொண்டு அழுதார். "என் முச்சாச்சா, பொழச்சிட்டியே."

தெல்ஃபினா வாயிலிருந்த காரையைத் துப்பினார். "என் பேரு தெருவுக்கே கேட்டுச்சும்மா. உங்க காதுல மட்டும் விழலையா?"

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பெண்ணின் பெயரைக் கேளுங்கள். கேட்டதோடு விடாமல், அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.