பயிற்சி வகுப்புக்கு வந்த உண்மைக் குழந்தை

நவம்பர் கடைசி வாரத்தில் ஈப்போவுக்குப் போய் வந்தேன். குகைக் கோயில், வெள்ளைக் காப்பி, கோழிச் சோறு பற்றிப் படிக்கலாம் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது வேறு மாதிரிப் பயணம். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியலாளராக இருக்கிறேன். வெள்ள நிவாரண மையங்களில் உதவும் தொண்டர்களுக்கு, பேரிடர்க் காலத்தில் குழந்தைகளின் உடல்நலத்தையும் உணவையும் எப்படிக் கவனிப்பது என்று இரண்டு நாள் சொல்லித்தர முடியுமா என ஈப்போவிலிருந்து ஒரு சிறு குழு கேட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். நான் பார்த்த குழந்தைகளெல்லாம் வார்டில், சுத்தமான மெத்தையில், பக்கத்தில் டாக்டரோடு இருந்தவர்கள்.

கோலாலம்பூர் கே.எல். செண்ட்ரலிலிருந்து காலை ரயில். ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், கட்டணம் நாற்பது ரிங்கிட்டுக்குப் பக்கம். பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் ஒரு வாரம் முன்பே பதிந்துவிட்டேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சிலிம் ரிவர் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு சன்னலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முதல் நாள் வகுப்பு ஈப்போ நகரில் நடந்தது. பன்னிரண்டு தொண்டர்கள். அவர்களில் மேரி அக்கா என்பவர் பாலர் பள்ளி ஆசிரியர், நாற்பது வயதிருக்கும். எல்லாக் கேள்வியும் அவர்தான் கேட்டார். ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது, மேற்கையில் வண்ண நாடா சுற்றி மெலிவை அளப்பது எல்லாம் செய்து காட்டினேன்.

"வாந்தி எடுத்தா என்னா செய்யறது டீச்சர்?" என்றார் மேரி அக்கா.

"பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி மெதுவா ஒவ்வொரு கரண்டியாக் கொடுக்கணும்க்கா."

"அதுக்கும் கேக்கலன்னா?"

"ஆஸ்பத்திரி" என்றேன். வகுப்பில் அது ஒரு சொல்தான்.

இரண்டாம் நாள் செய்முறைக்காகக் கோப்பேங் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். ஈப்போவிலிருந்து முப்பது கிலோமீட்டர், மழையில் ஒரு மணி நேரம் ஆனது. பால்மரம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. மேட்டில் கோயில் மண்டபம். வேன் ஓட்டிய கணேசன் அண்ணன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துத் தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

"என்னாண்ணே?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். கொஞ்சம் ஏறியிருக்கு."

அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குள் பாலம் மூழ்கிவிட்டது. கீழ் லயத்திலிருந்து ஆட்கள் துணி மூட்டையும் அரிசிப் பையுமாக மண்டபத்துக்கு ஏறி வந்தார்கள். நாங்கள் பாடம் நடத்த வந்த இடம் நிவாரண மையமாகிவிட்டது. தொண்டர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பொம்மையைப் பைக்குள் வைத்துவிட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எண்ண ஆரம்பித்தேன்.

அந்தக் கூட்டத்தில் பிரேமா என்ற இளம் தாய் வந்தாள். கணவர் ஜோகூரில் லோரி ஓட்டுகிறார். இடுப்பில் பதினோரு மாதப் பையன் கவின். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று கஞ்சியை நிறுத்தி, பால்மாவைத் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். தாய்ப்பால் இரவில் மட்டும்.

குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளினேன். மெதுவாகத்தான் திரும்பியது, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கை நாடா மஞ்சளில் நின்றது, கொஞ்சம் மெலிவு. ஆனால் கரைசலைக் கண்டதும் கரண்டியைப் பிடித்து இழுத்து ஆவலாகக் குடித்தான். தாகம் இருக்கிறது, விழுங்குகிறான், இங்கேயே சமாளிக்கலாம். மேரி அக்கா கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். பிரேமாவைத் தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னோம்.

அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் பொறுத்தோம். மறுபடி கொடுத்தோம், மறுபடி வாந்தி. அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது.

பிரேமா நிம்மதியாக, "தூங்கிட்டான்க்கா" என்றாள்.

களைப்பில் தூங்குகிறானா, மயங்குகிறானா? உள்ளங்காலைச் சுண்டினேன். பாதி கண் திறந்து மூடினான். உதட்டில் கரண்டியை வைத்தேன். கரைசல் வாயோரம் வழிந்தது, விழுங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

அவசர எண்ணுக்கு அடித்தேன். ஆம்புலன்ஸ் பெரிய சாலை வரைக்கும் வரும், தோட்டத்துக்குள் வர முடியாது என்றார்கள். கணேசன் அண்ணனைப் பார்த்தேன்.

"பாலத்துப் பக்கம் நெனைக்கவே நெனைக்காதீங்க. மேட்டோட பழைய தீம்பார் ரோடு, தோட்டத்து மண் ரோடு ஒண்ணு இருக்கு, எங்கப்பா பால் வெட்டுன பக்கம். வேன் புதைஞ்சிரும். செம்பனைப் பழம் ஏத்துற டிராக்டர் போவும்லா. இருங்க, கேட்டுட்டு வாரேன்."

அவர் போன பிறகு இன்னொரு பயம். நான் போய்விட்டால் இங்கே யார்? மண்டபத்தில் இன்னும் ஏழெட்டுக் குழந்தைகள், இரண்டு கைக்குழந்தைகள். தொண்டர்களுக்கு நான் கொடுத்தது ஒன்றரை நாள் பாடம்.

மேரி அக்கா என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். "நீங்க போங்க டீச்சர். நாங்க பாத்துக்கறோம். தெரியலன்னா போன் போடுவேன்."

டிராக்டர் தொட்டியில் தார்ப்பாய்க்கு அடியில் நானும் பிரேமாவும் குந்தியிருந்தோம். மூன்று கிலோமீட்டர்தான். சேற்றில் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றபோதெல்லாம் குழந்தையின் நெஞ்சில் கை வைத்து மூச்சை உணர்ந்து பார்த்தேன். பிரேமா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "நான் தப்புப் பண்ணிட்டனாக்கா? கஞ்சிய நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"உனக்கு யாரும் சொல்லித் தரலம்மா. இப்ப அவனோட பேசு, பேர் சொல்லிக் கூப்பிடு."

அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவன் கண் திறக்கவில்லை.

பெரிய சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. காம்பார் மருத்துவமனையில் நரம்பில் நீர் ஏற்றினார்கள். கதவு மூடியது. நடைபாதை நாற்காலியில் சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தபோது மேரி அக்கா அழைத்தார்.

"டீச்சர், மேட்டு ரோட்டு வழியா யாரோ பெட்டி பெட்டியா பால்மாவும் புட்டியும் அனுப்பியிருக்காங்க. தாய்ப்பால் கொடுக்கறவங்களுக்குக் கொடுக்கல. ஒரு கைக்குழந்தைக்கு ஏற்கெனவே பால்மாதான். அதுக்கு மட்டும் கொதிச்ச தண்ணியில கலக்கி, ஆறவச்சு, கப்புலயே கொடுத்தோம். புட்டியச் சுத்தமாக் கழுவ வசதி இல்ல, தொடல. சரியா?"

"சரிக்கா."

"சேலையக் கட்டி அம்மாமாருக்குப் பால் கொடுக்க ஒரு மூலை ஒதுக்கியாச்சு. பையன் எப்படி இருக்கான்?"

"தெரியல" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மாலையில் டாக்டர் வெளியே வந்து, தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும், இப்போது நாடித்துடிப்பு பரவாயில்லை என்றார். ஈப்போவுக்கு வாடகைக் காரில் திரும்பினேன். ஹோட்டலில் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ரயிலை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்படி ஒரு பயிற்சிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை மாதத்தில் செய்முறையைத் தோட்டத்துக்குள் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், கிளம்பும் முன் அங்கே வசிப்பவரிடம் வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று கேளுங்கள். ஓட்டுநர் தண்ணீரை எட்டிப் பார்த்தால் வெட்கப்படாமல் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. பொம்மைக்கு மட்டுமல்ல, மண்டபம் முழுக்கக் குழந்தைகள் வந்தாலும் போதுகிற அளவு ஓ.ஆர்.எஸ். எடுத்துப் போங்கள். ஆபத்து அறிகுறிகளை முதல் நாள் காலையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், கடைசிப் பாடமாக வைக்காதீர்கள். பயம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் போகவில்லை, அடுத்த வகுப்புக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஈப்போ ரயில் நிலையத்தில் நின்றபோது பிரேமா அழைத்தாள். பின்னால் ஒரு குழந்தை ஆவேசமாகக் கத்திக்கொண்டிருந்தது.

"என்னாச்சும்மா? ஏன் அழறான்?" என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. கஞ்சி வர நேரமாவுது. பசியாம்."