புள்ளிகளுக்குள் இருந்த எண்

போன வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த வாரம், என் மகனை கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எங்களுக்குப் பெருமாநல்லூர் பக்கம். சாயப்பட்டறையில் துணிக்குக் கலர் சரிபார்க்கிற வேலை எனக்கு. படிப்பு எட்டாவதோடு சரி.

மகனுக்கு ஏழாவது படிக்கும்போதிருந்தே பைலட் ஆசை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் வேண்டும், முதலில் உடல் தகுதிச் சான்று, பிறகு பரீட்சைகள், இருநூறு மணி நேரம் பறந்தால்தான் லைசென்ஸ் என்று எல்லாவற்றையும் அவனே விசாரித்து வைத்திருந்தான். ஷிப்ட் முடிந்த அசதியில் நானும் பாதித் தூக்கத்தோடு தலையாட்டிக் கேட்டிருக்கிறேன்.

காது, நெஞ்சு, ரத்தம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. கடைசியாக டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்கக் கலர் புள்ளிகள். நடுவில் 45 என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

“என்ன நம்பர் தம்பி?”

“நம்பருங்களா? வெறும் புள்ளிதானுங்க இருக்குது.”

“டேய், டாக்டர்கிட்டயே விளையாடறயா?” என்று சிரித்தேன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் டாக்டர்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாதாம். பிறவியிலேயே அப்படியாம். பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்து இன்னொரு சோதனை உண்டு, அதில் தேறினால் பார்க்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனைப் பற்றிய பழையதெல்லாம் நினைவுக்கு வந்தது. லீவு நாட்களில் பட்டறைக்கு வந்து துணி பிரிப்பான். பச்சையையும் பழுப்பையும் ஒரே கட்டுக்குள் வைத்துவிடுவான். “கண்ணை எங்கடா வெச்சிருக்கே?” என்று எத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கிறேன்! துணியில் துளி வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். என் பிள்ளையின் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கூட வேலை செய்கிறவர் ஒருவர் யோசனை சொன்னார். “ஏனுங்க, அந்தப் புத்தகத்துப் பக்கமெல்லாம் போன்லயே கிடைக்குதுங்க. மனப்பாடம் பண்ண வெச்சு வேற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

மூன்று நாள் சாயங்காலம் மகனை உட்கார வைத்துப் பழக்கினேன். முதல் பக்கம் பன்னிரண்டு, அடுத்தது எட்டு. அவனும் சொன்னான். நான்காம் நாள் போனைத் தள்ளி வைத்தான்.

“வேண்டாமுங்கப்பா.”

“ஏஞ்சாமி, நல்லாத்தானே சொல்றே?”

“ஓடுபாதையில சிவப்பு, பச்சைன்னு விளக்கு எரியுமுங்கப்பா. பக்கத்துல உக்காந்து எது என்னன்னு நீங்க சொல்லுவீங்களா? பின்னால அத்தன பேரு இருப்பாங்க.”

போனை எடுத்தேன். படங்களையெல்லாம் அழித்துவிட்டேன்.

விளக்குச் சோதனைக்கு எதையும் மனப்பாடம் செய்யாமல்தான் போனான். தேறவில்லை. வெளியே வந்தவன் அழுவான் என்று பயந்தேன். “பசிக்குதுங்கப்பா” என்றான். எதிர்க்கடையில் ஆளுக்கு இரண்டு புரோட்டா சாப்பிட்டோம். அவன் பாதியை வைத்துவிட்டான்.

இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். விமானத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவன் ஓட்டாத விமானத்தில் ஏறிப் பத்திரமாக இறங்குகிறவர்களுக்கு அவன் யாரென்று தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும், அதை நினைக்கும்போதெல்லாம் என்னைப் பற்றி வெட்கமாகவும் அவனைப் பற்றிப் பெருமையாகவும் இருக்கிறது.