சாவிக்காக ஒரு சவாரி

பாங்காக்கில் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியும் சாவி என் கைக்கு வரவில்லை. இருந்தது ஒரே சாவி, அதுவும் அவள் கைப்பையில். பதினேழாவது மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. கேட்டால், பாஷை தெரியாது, தொலைந்துபோவேன் என்பாள். தாம்பரத்தில் முப்பது வருஷம் காலை நேர மின்சார ரயிலில் முண்டியடித்து வேலைக்குப் போனவளிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கு வந்ததே கோபம்.

கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டாள். தனியாகப் பூ மார்க்கெட்டுக்குப் போய், மாலை ஆறு மணிக்குள் கட்டட வாசலுக்கு வந்துவிட வேண்டும். அவளுக்கு போன் செய்யக் கூடாது. ஜெயித்தால் சாவி எனக்கு. தோற்றால் மீதி மூன்று வாரமும் அந்த ஜன்னல்தான். விலாசத்தை அந்த ஊர் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள்.

போகும்போது ரயில். அதெல்லாம் எனக்கு ஜுஜுபி. பை நிறையச் சாமந்தியும் மல்லிகையும் வாங்கிக்கொண்டு, திரும்ப டாக்ஸியில் ஏறினேன். அட்டையைப் படித்ததும் டிரைவர் மீட்டரைத் தட்டினார். எனக்குப் பகீரென்றது. தாம்பரத்தை ஒட்டிய எங்கள் இரும்புலியூரில் ரேட் பேசாமல் யாராவது ஆட்டோவில் கால் வைப்பார்களா? டிரைவர் தானாகவே மீட்டர் போட்டால் அது கன்னாபின்னாவென்று ஓடும்படி சூடு வைத்த மீட்டராகத்தான் இருக்கும் என்பது எங்கள் ஏரியா அனுபவம்.

"மீட்டர்லாம் வேணாம்ணா, மொத்தமா பேசிக்கலாம்" என்று தமிழிலேயே சொல்லி, நானூறு என்று நாலு விரலைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மீட்டரைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் அதை முறைத்துக்கொண்டே வந்தேன். பாதி தூரம் தாண்டியும் அது நூறைத் தொடவில்லை. நாலு விரலையும் மெதுவாக மடக்கிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு ஒரு பாலத்தடியில் டிராஃபிக் மொத்தமாக நின்றுவிட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் தோற்றது, போங்கள். கால் மணி நேரம் வண்டி அசையவில்லை. என் கண்முன் அந்த ஜன்னல் வந்து நின்றது. அழுகைகூட வந்தது.

அப்போதுதான் ஆரஞ்சுச் சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் கார்களுக்கு நடுவே புகுந்து போவதைப் பார்த்தேன். மீட்டர் காட்டியதைக் கொடுத்துவிட்டு இறங்கி, ஒருவரைக் கைகாட்டி நிறுத்தினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், தயங்கினார். என் வீட்டுக்காரர் பைக்கில், லாரிகளுக்கு நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டில் இருபது வருஷம் ஒருபக்கமாக உட்கார்ந்து போனவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முந்தானையை இழுத்துச் செருகி, அவர் நீட்டிய ஹெல்மெட்டை மாட்டி, பூப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். ரேட் பேசவே இல்லை.

காற்று முகத்தில் அடித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாசலில் மகள் போனைப் பார்த்தபடி நின்றிருந்தாள். மணி ஆறாக நாலு நிமிஷம் இருந்தது.

"அம்மா, பைக்லயா வந்தே?"

பைக்காரரிடம் ஹெல்மெட்டையும் அவர் கேட்ட காசையும் கொடுத்துவிட்டு மகளிடம் கையை நீட்டினேன். "சாவி."

மறுநாள் சாயங்காலம் அவள் ஆபீஸிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. நான் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.