குளிசைக்கு நோன்பு தெரியாது

வாப்பாவின் சட்டையில் எந்த நேரமும் கராம்பு மணக்கும். மாத்தளைக் கடைவீதியில் மிளகும் சாதிக்காயும் கராம்பும் வாங்கி விற்றவர் அவர். உம்மா எத்தனை தரம் அடித்துத் துவைத்தாலும் அந்த மணம் போகாது. நான் சிறுபிள்ளையாக இருந்த ஒரு நோன்பு மாதத்தில்தான் கராம்பையும் மீறி அந்தச் சட்டையில் குளிர்ந்த வேர்வையின் வாடை வீசியது.

வாப்பாவுக்கு "சீனி வருத்தம்", நீரிழிவு. காலைக்கொரு குளிசை, இரவுக்கொரு குளிசை, இரண்டையும் சாப்பாட்டோடு என்று ஆசுபத்திரியில் கொடுத்திருந்தார்கள். நோன்பு வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே என்று உம்மா சொல்லிப் பார்த்தார். வாப்பாவின் பிடிவாதமோ ஊரறிந்தது. போதாததற்குச் சொந்த மூளையையும் போட்டார். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஒரு பிடி கூடச் சாப்பிட்டால் பகல் முழுக்கத் தாங்குகிறதல்லவா, குளிசையும் அப்படித்தான் தாங்கும் என்று, இரண்டு குளிசையையும் அப்போதே சேர்த்து விழுங்கிவிட்டுக் கடைக்குப் போனார். நோன்புக்காரருக்குத்தான் இப்படியொரு யோசனை வரும்.

நாடு குழம்பிக் கிடந்த காலம் அது. அன்று பின்னேரம் திடீரென்று ஊரடங்கு என்றார்கள். கடையைச் சாத்திவிட்டு வெயிலில் நடந்தே வந்த வாப்பா, செருப்பைக் கழற்றத் தெரியாமல் வாசலில் நின்றார். கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒருநாளும் என்னைக் கடிந்து பேசாதவர், யார் நீ என்று என்னைப் பார்த்து அதட்டினார். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமி "கண்ணூறு" என்று ஓதத் தொடங்கினார். உம்மாவுக்கோ, வேர்த்து நடுங்கினால் உடனே சீனி கொடுக்க வேண்டும் என்று ஆசுபத்திரியில் சொன்னது நினைவுக்கு வந்தது. சீனியோடு வந்த உம்மாவைக் கண்டதும் வாப்பா பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரந்தானாம், நோன்பு முறிந்துவிடுமாம்.

"வாயத் தொறங்க. அல்லாஹ் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் உம்மா.

சொன்ன கையோடு, சீனியை விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தார். பாங்கு கேட்டபோது வாப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஊரடங்கு எடுத்ததும் ஆசுபத்திரிக்குப் போனோம். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா வாப்பா இரண்டு குளிசையையும் சேர்த்து விழுங்கியதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உங்கட குளிசைக்கு நோன்பு தெரியாது. உள்ளுக்குப் போனா அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைச்சுக்கொண்டே இருக்கும். சாப்பாடு வராட்டி இரத்தத்தில இருக்கிற சீனியும் இறங்கிப்போகும். பிறகு மூளை எதைத் தின்னும்?"

அதன் பிறகு வாப்பா நோன்பு பிடிக்கவில்லை. விட்ட நோன்புகளுக்குப் பகரமாக ஏழைகளுக்குச் சோறு கொடுத்தார். தான் பகலில் சாப்பிடத்தான் வெட்கப்பட்டார். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டின் முன்னால் களவெடுத்தவரைப் போல இருப்பார். நோன்பு பிடிக்கும் வயது எனக்கு வராததால் உம்மா என்னையும் உள்ளே அனுப்பிவிடுவார். எனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "நீ இரிக்கிறதாலதான் மகள் எனக்குச் சோறு எறங்குது" என்பார் வாப்பா. கூட்டாளிமார் முழு நோன்பு பிடித்ததாகப் பெருமையடித்தபோது எனக்குக் கொஞ்சமும் பொறாமை வரவில்லை.

வாப்பா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி விற்கிறார்கள். உணவு வந்தால்தான் முழுமூச்சாக வேலை செய்யும் புதுக் குளிசைகளெல்லாம் வந்திருக்கின்றன. எனக்கும் வந்த அதே சீனி வருத்தமோ அவற்றையும் தாண்டி இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டது, நோன்பு கூடவே கூடாதாம். பிள்ளைகள் வெளிநாட்டில். ஊர் முழுவதும் ஒன்றாகப் பசித்திருக்கும் பகலில் நான் மட்டும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரும்போதுதான், வாப்பா பட்டது வெட்கம் மட்டுமல்ல, தனிமையும்தான் என்று விளங்குகிறது. வாப்பா, எனக்கு உங்கள் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும் போல இருக்கிறது.