மீன்தொட்டிக்கு மேலுரம்

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒரு வாய். நீர்மட்டத்தில் ஆண் ஏஞ்சல் மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள் சிவந்திருந்தது. கீழே, முட்டைகள் ஒட்டியிருந்த அகன்ற இலையருகே, பெண் மீன் சாய்ந்து மிதந்தபடியே முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

ஜமுனாமரத்தூரில் என் தம்பி நடத்தும் விடுதியின் வரவேற்பறை அது. மீன்தொட்டி அவனுடையதல்ல, அவன் மனைவியுடையது. ஆலங்காயத்தில் நர்ஸாக இருக்கிறாள். குஞ்சாக வாங்கி அவள் வளர்த்த ஜோடி, அந்த வாரம்தான் முதல்முறையாக முட்டையிட்டிருந்தது. இரவு டியூட்டிக்குக் கிளம்பும்போது, "தொட்டியில கையே வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

என் தம்பி தெரிந்துகொண்டு செய்வதைவிட, செய்துவிட்டுத் தெரிந்துகொள்வதை விரும்புபவன். வாழைப்பழம் தின்றுகொண்டே வந்தான்.

"இன்னாடா போட்ட இதுல?"

"இன்னாத்த போட்டேன்? நேத்து சாயங்காலம் கொஞ்சம் தண்ணி மாத்தனேன். அப்புறம் ஒரம்."

"இன்னா ஒரம்?"

"ரோஜாவுக்கு வாங்கனதுதாண்ணா. ஒரே ஒரு ஸ்பூன்."

ஸ்பூன் மேசைமேல் கிடந்தது. விடுதியில் சாம்பார் ஊற்றும் கரண்டி.

காரணத்தையும் அவனே சொன்னான். வாணியம்பாடியிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த தோல் வியாபாரி முந்தின நாள் தொட்டியைப் பார்த்து, "இன்னா தம்பி, விவசாயக் குடும்பம்னீங்க, செடி மஞ்சளா கீதே" என்று சிரித்தாராம். நாங்கள் ஒடுகத்தூர்ப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்கள். எங்கள் ஆட்களிடம் பிள்ளை பரீட்சையில் தேறவில்லை என்று சொல்லலாம். பயிர் மஞ்சளாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. மழை பெய்து நிலம் நனைந்தால் உடனே மேலுரம் வீசுவது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டியில் தண்ணீர் மாற்றியது தம்பியின் கணக்கில் மழை. மழைக்குப் பிறகு செய்யவேண்டியதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

"செடிக்குத்தான போட்டேன், மீனுக்கா போட்டேன்?" என்று என்னிடமே கேட்டான்.

உரப் பாக்கெட்டின் முன்பக்கம் ரோஜாப் படம். அவன் பார்த்தது அதை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியாவாகவும் இருக்கிறது என்று போட்டிருந்தது. நிலத்தில் மண் அதைப் பிடித்துக்கொள்ளும், மீதி வடிந்து போகும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து அது எங்கே வடியும்? மீனின் செவுளுக்குத்தான்.

அவன் அதற்குள் மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்டிருந்தான். ஒருவர் கல்லுப்பு போடச் சொன்னார். ஒருவர் மஞ்சள்தூள். மூன்றாமவர் 'இனிய காலை வணக்கம்' என்று ஒரு ரோஜாவை அனுப்பியிருந்தார். போட்ட உரத்தை எப்படி வெளியே எடுப்பது என்ற எண்ணம் நிபுணர்கள் எவருக்கும் வரவில்லை. தண்ணீரை மாற்று என்றேன். கிணற்றிலிருந்து குடத்தோடு வந்து அப்படியே கவிழ்க்கப் போனான். மார்கழி மாதத்து மலைத் தண்ணீர். கை வைத்தால் விரல் மரத்துப்போகும். நிறுத்தி, அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொன்னேன்.

அது சுடுவதற்குள் தம்பி மனைவி டியூட்டி முடிந்து வந்துவிட்டாள். தோள்பையை இறக்காமல் தொட்டியின் முன் குனிந்தாள்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. குளிரு. மீனுக்குச் சளி புடிச்ச மாதிரி கீது."

"சளியா? தைலம் தேச்சீங்களா?"

தம்பி மேசையிலிருந்த கரண்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான். சாம்பார்க் கரண்டியின் காம்பு நீளம். அவள் பார்த்துவிட்டாள், பக்கத்தில் கிடந்த உரப் பாக்கெட்டையும்.

பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, வெந்நீர் கலந்த கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நானுந்தான் மாமா ஒரம் போட்றேன். பூச்செடி ஒரமாவே இருக்கட்டும், தப்பில்ல. நைட்ரேட்டா இருக்கணும், யூரியா, அம்மோனியா கூடாது, தாமிரம் கூடாது. ஒரு சிட்டிக கரைச்சி, அதுலயும் கொஞ்சம்தான் ஊத்தி, மீன் எப்படி கீதுன்னு பாத்துக்கினே இருப்பேன். முட்ட இருக்கறப்ப அதுவும் கெடையாது."

"எனக்குத் தெரியாதா? நானும் நெலத்துல எறங்கினவன்தான்" என்றான் தம்பி.

"அப்ப நெலத்துலயே இருங்க. இங்க இன்னாத்துக்கு எறங்கறீங்க?"

வாணியம்பாடிக்காரர் காபிக்கு வந்தார். தம்பி அவரிடம் போய், இந்த மலைக்குளிர் மீனுக்கு ஆகாது, ஏஞ்சல் மீன் வாங்கவே கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவர் கவனமாகத் தலையாட்டினார். வாங்கும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மதியத்துக்கு முன் ஆண் மீன் இறந்தது. மறுநாள் முட்டைகள் செத்து வெள்ளையாகிவிட்டன. பெண் மீன் அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றது.