விலகத் தெரியாத ஸ்டாப்பர்

1999 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை. மூடுபனியால் ரயில் இரண்டே முக்கால் மணி நேரம் தாமதம். காலை 9.45க்குப் புதுதில்லி நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து கிட்வாய் நகர் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு ஐம்பதுக்கு இறங்கி வந்தார். வழியில் என்னென்ன நினைவுச் சின்னங்கள் வந்தன என்று நான் கவனிக்கவில்லை. ஞாயிறன்று பெலிக்ஸ் ஆடுவதைப் பார்க்கவே வந்திருந்தேன்.

பெலிக்ஸ் குமரிக் கடற்கரைக்காரர். முந்நூறு மாணவர்கூட இல்லாத ஒரு கல்லூரியின் கால்பந்து அணியில் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளர். அவரைத் தாண்ட முடியாமல் பெரிய கல்லூரிகள் மூன்று வருடம் தோற்றன. நாகர்கோவிலில் இருந்து அந்த ஆட்டங்களைப் பத்திரிகைக்கு எழுதியவன் நான். கோல் போட்டவர்களின் பெயர்களை மட்டும் எழுதினேன்.

பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் பெலிக்ஸுக்கு டெல்லியில் மத்திய அரசு கிளார்க் வேலை. ஆறு வருடங்கள் ஓடிவிட்டன. ஞாயிறன்று தேசியப் பயிற்சி முகாமுக்கு ஆள் தேர்வு. இருபத்தேழு வயதில் இது கடைசி வாய்ப்பு. போக வேண்டுமானால் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

அன்று மாலை கிட்வாய் நகரில் பெலிக்ஸின் அரசு குவார்ட்டர்ஸுக்கு மாடி வீட்டு ராமநாதன் வந்தார். கும்பகோணத்துக்காரர், பெலிக்ஸின் பிரிவில் சூப்பரிண்டெண்ட்.

"லெட்டர் ரெடி சார். நானே டைப் அடிச்சு ஃபைல்ல வச்சுட்டேன். நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் எங்க துணைச் செயலர் கிரவுண்ட்லயே கையெழுத்துப் போடறேன்னுட்டார்."

"என்ன மேட்ச்?" என்றேன்.

"ஆபீசர்ஸ் மேட்ச். அவர்தான் ஃபார்வர்டு." குரலைத் தாழ்த்தினார். "பெலிக்ஸ், நாளைக்கு நீ எதிர் டீம். அவர் வந்தா கொஞ்சம் நகர்ந்துக்கோப்பா. போன வருஷம் நம்ம பஞ்சாபிப் பையன் நகர்ந்தான். சாப் கோல் போட்டார், எல்லாருக்கும் லட்டு."

"சரி சார், நவந்துகிடுதேன்" என்று பெலிக்ஸ் சிரித்தார்.

அந்த அலுவலகத்தில் இது வழக்கம். வருடம் ஒருமுறை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்களை இரண்டு அணிக்கும் பிரித்துப் போடுவார்கள். அதிகாரிகள் கோல் போட வேண்டும். ஆடத் தெரிந்தவர்கள் வழிவிட வேண்டும்.

சனி, மாலை 4 மணி. அலுவலகத்துக்குப் பின்னால் புல் காய்ந்த மைதானம். ஷாமியானா, நாற்காலிகள், தேநீர். ராமநாதன் எல்லைக்கோட்டருகே ஃபைலை மார்போடு அணைத்து நின்றார். துணைச் செயலருக்கு ஐம்பது வயதிருக்கும். காலணி புத்தம் புதிது.

முதல் பாதியில் பெலிக்ஸ் இரண்டு முறை விலகினார். இரண்டு முறையும் துணைச் செயலர் பந்தை வெளியே அடித்தார். "வெல் ட்ரைடு சாப்!" என்று நாற்காலிகள் கூவின. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் அவர் மறுபடி பந்தோடு வந்தார். பெலிக்ஸ் ஒரு அடி விலகினார். வலது கால் மட்டும் விலகவில்லை. அது நீண்டு பந்தைச் சுத்தமாகப் பறித்தது. தவறான ஆட்டம் என்று எந்த நடுவரும் சொல்ல முடியாது. நடுவர் விசில் ஊதினார். துணைச் செயலர் புழுதியில் கவிழ்ந்து கிடந்தார்.

பெனால்டி கொடுத்தார்கள். அதையும் அவர் வெளியே அடித்தார்.

ஆட்டம் முடிந்து காருக்குப் போகும் வழியில் ராமநாதன் ஃபைலையும் பேனாவையும் நீட்டினார். துணைச் செயலர் அதைப் பார்க்கவே இல்லை.

"மண்டே தேக்கேங்கே." திங்கட்கிழமை பார்க்கலாமாம். தேர்வு மறுநாள்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணினே? ஒரு கால்தானே!" ராமநாதன் அழாத குறை.

"என்ன சார் செய்ய? நான் நவந்துட்டேன். காலு கேக்கல்ல."

ஞாயிறு, காலை 8.30. பெலிக்ஸ் கடிதமில்லாமலே தேர்வு மைதானத்துக்கு வந்தார்; நானும் போனேன். தேர்வாளர்களில் ஒருவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்துத் தோளில் தட்டினார். பிறகு கையை நீட்டினார். "லெட்டர்?" நான் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். "அச்சா பிளேயர் ஹை. லேகின் லெட்டர் லாவோ" நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் கடிதம் கொண்டு வா என்று சொல்லி அடுத்த பெயரை வாசித்தார். பதினொன்றரை வரை பெலிக்ஸ் பூட்ஸைக் கழற்றாமல் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

திங்கள் காலை துணைச் செயலர் கடிதத்தில் கையெழுத்திட்டார். தேதியும் போட்டார், திங்கட்கிழமைத் தேதி. அதை விடக் குரூரமான கையெழுத்தை முப்பது வருடப் பத்திரிகை வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

அன்றிரவு ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வந்த பெலிக்ஸ், கேட்காமலே ஒன்று சொன்னார். ஊரில் ஈஸ்டர் மறுநாள் கடற்கரை ஆட்டத்துக்குப் பங்குச் சாமியாரும் இறங்குவாராம். பதினேழு வயதில் பெலிக்ஸ் அவரையும் இதே போலக் கவிழ்த்திருக்கிறார்.

"சாமி என்ன செய்தார்?"

"வாயில கெடந்த மண்ணத் துப்பிட்டு, 'லேய், த்ரோ எங்களுக்குலே'ன்னு சண்டைக்கு வந்தாரு அண்ணே. பந்து கோட்டுக்கு வெளிய போச்சுல்லா, த்ரோ அவங்களுக்குத்தான். குடுத்தோம்."